மார்பில் ஒரு குழாய்: அடையாறு முதல் சியாட்டில் வரை



தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் விடாமல் முயன்றதால்தான் அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டுக்கு 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் 12 படுக்கைகளுடன் அது திறந்தது. மறு ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் மறையும் வரை அதற்காகவே வாழ்ந்தார்.

ரத்தப் புற்றுநோய்க்கு மாதக்கணக்கில் மருந்து ஏற்ற வேண்டும். கை நரம்பு தாங்காது. அதனால் கழுத்து அல்லது மார்பு வழியாக, இதயத்தை ஒட்டிய பெரிய சிரைக்குள் மெல்லிய குழாய் போடுகிறார்கள். 'சென்ட்ரல் லைன்' என்பார்கள்.

இதற்கு வழி திறந்தவர் ஜெர்மனியின் வெர்னர் ஃபோர்ஸ்மன். 1929இல் தன் கைச் சிரைக்குள் தானே குழாயைச் செலுத்தி, எக்ஸ்ரே அறைக்கு நடந்தே போய், அது இதயத்தைத் தொட்டதைப் படமெடுத்துக் காட்டினார். அன்று கிடைத்தது ஏச்சு. 1956இல் நோபல் பரிசு. பிறகு 1979இல் சியாட்டிலின் ராபர்ட் ஹிக்மன், எலும்பு மஜ்ஜை மாற்று நோயாளிகளுக்காக, நெடுநாள் வைத்திருக்கும் குழாயை உருவாக்கினார்.

ஆனால், தோலில் துளை என்றால் கிருமிக்கு வாசல். நம் தோலில் சும்மா இருக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ், குழாயைப் பிடித்துக்கொண்டு ரத்தத்துக்குள் போய்விடும். கை கழுவுதல், குளோர்ஹெக்சிடின் பூசுதல், தேவை முடிந்ததும் குழாயை எடுத்தல் போன்ற ஐந்தே எளிய பழக்கங்களால் அமெரிக்காவின் மிச்சிகனில் இந்த ரத்தத் தொற்று 66 சதவீதம் வரை குறைந்தது என 2006இல் ஓர் ஆய்வு காட்டியது.

வீட்டில் இருப்பவர்கள் கவனியுங்கள். குழாய் நுழையும் இடம் சிவந்தாலோ, வீங்கினாலோ, வலித்தாலோ, சீழ் கசிந்தாலோ அன்றே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். கீமோ எடுப்பவருக்கு வெள்ளணு குறைவு என்பதால் சீழே வராமலும் போகலாம். 100.4 டிகிரி காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தால் நடுராத்திரி ஆனாலும் கிளம்புங்கள்.

அங்கே சீழையும் ரத்தத்தையும் கல்ச்சருக்கு அனுப்பி, ஆன்டிபயாடிக் தொடங்குவார்கள். தொற்று துளையோடு நின்றால் பெரும்பாலும் குழாயைக் காப்பாற்றலாம். தோலுக்கடியில் குழாய் போகும் பாதை முழுக்கப் பரவியிருந்தால் அதை எடுத்துவிடுவார்கள்.

மஞ்சள், விபூதி, எண்ணெய் எதுவும் அங்கே தடவாதீர்கள். குழாயை நீங்களே இழுக்கவும் வேண்டாம். நர்ஸ் கையைக் கழுவினாரா என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்