மலர்களுக்கோர் அட்டவணை

ஒரு நாட்டின் வரலாற்றை அறிய விழைவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் நாடிச் செல்வது வழக்கம். அவை அரசர் செய்தியைச் சொல்லும். போரும் கொடையும் புகலும். ஆனால், நம் ஊர்ப் பாடசாலைக்கு நிலம் ஈந்தவர் யார், ஆலயத்து மணிக்கூண்டு எழுந்தது எந்த ஆண்டு, படுவான்கரையிலிருந்து ஆசிரியத் தொழிலுக்கு முதன்முதல் வந்தவர் யார் என்று கேட்டால் அவை வாய் திறவா. அவ்வினாக்களுக்கு விடை தருவன வேறு சில ஏடுகள். கும்பாபிஷேக மலர், பாடசாலை வெள்ளிவிழா மலர், வாசிகசாலை ஆண்டு மலர், பெரியார் ஒருவர் மறைந்து முப்பத்தோராம் நாள் வெளிவரும் நினைவு மலர் என்பனவே அவை. இம்மலரைக் கையில் ஏந்தியிருக்கும் அன்பர்கள், தாம் ஏந்தியிருப்பதும் வருங்காலத்து வரலாற்று ஆவணமே என்பதை நினைவிற் கொள்வாராக.

இவ்வேடுகளின் குறை ஒன்றுண்டு. அவை ஒரே முறை அச்சாகும். விழா நாளில் விநியோகமாகும். பின்னர் மறுபதிப்புக் காண்பது அரிது. கடைகளில் விலைக்கு வருவதில்லை. எனவே எந்த மலர் எங்கே, எவரிடம், எத்தனை படி உள்ளதென்று கூறும் அட்டவணை இல்லையேல், அவை இருந்தும் இல்லாதனவே ஆகும். அட்டவணை செய்தோர் வரலாற்றைச் சுருங்கக் கூறி, நம் பகுதியில் அப்பணி எவ்வாறு நிகழ வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொகுத்தோர் மரபு

அட்டவணை என்பது மேனாட்டார் நமக்குக் கற்பித்த புதுக்கலை என்று எண்ணுவார் உளர். அது பொருந்தாது. சங்கப் பாக்களைத் தொகுத்த நம் முன்னோர், பாடியவர் பெயரோடு தொகுத்தவர் பெயரையும் தொகுப்பித்தவர் பெயரையும் குறித்து வைத்தனர். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார் என்றும், தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்றும் இன்றும் நாம் அறிகின்றோம். பாடல்களை அடியளவு கொண்டு பிரித்து, குறுகியவற்றைக் குறுந்தொகையாகவும், இடைப்பட்டவற்றை நற்றிணையாகவும், நெடியவற்றை அகநானூறாகவும் அடக்கினர்.

இவற்றுள் அகநானூற்றின் அமைப்பு வியக்கத்தக்கது. அதன் நானூறு பாக்களுள் ஒற்றைப்பட்ட எண்கள் யாவும் பாலை. இரண்டு, எட்டு என முடிவன குறிஞ்சி. நான்கு என முடிவன முல்லை. ஆறு என முடிவன மருதம். பத்து, இருபது என வருவன நெய்தல். ஆகவே ஏட்டைத் திறவாமலே, பாட்டின் எண்ணைக் கேட்ட மாத்திரத்தில் அதன் திணையைக் கூறிவிடலாம். ஒரு பாட்டு இடம் மாறினும், ஓர் ஓலை விடுபட்டுப் போயினும், எண் அதனைக் காட்டிக் கொடுக்கும். இன்றைய நூலகர் புத்தகத்தின் முதுகில் எண் ஒட்டுவதன் கருத்தும் இதுவே அன்றோ?

அச்சுக் காலத்து அட்டவணைகள்

1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ இந்திய மண்ணில் தமிழெழுத்தில் அச்சேறிய முதல் நூல். பதினாறு பக்கங்களே கொண்ட அச்சிறு நூலின் அறியப்பட்ட ஒரே படி அமெரிக்காவிலுள்ள ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றது. அச்சிட்டதனாலேயே நூல் நிலைபெற்றுவிடும் என்ற எண்ணம் எத்துணைப் பிழையானது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

அச்சான தமிழ் நூல்களை வகைப்படுத்தி அட்டவணை செய்தவருள் முன்னோடியாக வைத்து எண்ணத்தக்கவர் ஜோன் மேர்டொக் என்னும் ஸ்கொத்லாந்து நாட்டவர். 1844இல் இலங்கைக்கு வந்து கண்டியில் ஆசிரியப் பணி புரிந்த இவர், பின்னர் சென்னை சென்று கிறிஸ்தவ நூல் வெளியீட்டில் ஈடுபட்டார். 1865இல் இவரது அட்டவணை வெளிவந்தது. தம் சமயத்தைப் பரப்பும் நோக்குடனேயே இவர் இதனைச் செய்தார் என்பதை மறைப்பதற்கில்லை. எனினும் சைவ நூல், வைணவ நூல், வைத்தியம், சோதிடம், நாடகம் என யாவற்றையும் பதிந்து வைத்தார். அவர் நோக்கம் அவருடையது, பயனோ நம்முடையது. மிஷன் பாடசாலையிற் பயின்ற யான் இதனைப் பக்கச் சார்பாக உரைக்கவில்லை. நன்றி மறவாமை நம் அறநூல்கள் கற்பித்த பண்பாதலின் கூறுகின்றேன்.

ஈழத்தவரும் வாளா இருந்திலர். சைமன் காசிச்செட்டி 1859இல் தமிழ்ப் புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1886இல் ‘பாவலர் சரித்திர தீபகம்’ செய்தார். சி. வை. தாமோதரம்பிள்ளை ஊரூராய் ஏடு தேடிக் கலித்தொகையை 1887இல் பதிப்பித்தார். அந்நாளில் எந்தச் சுவடி எவர் வீட்டில் உளது என்று காட்டும் ஓர் அட்டவணை இருந்திருப்பின், அன்னோர் அலைச்சலிற் பாதி குறைந்திருக்கும். பிரித்தானிய நூதனசாலையின் தமிழ் நூல்களுக்குப் பார்னெட்டும் ஜி. யு. போப்பும் செய்த அட்டவணை 1909இல் வெளிவந்தது. இந்தியாவில் 1867ஆம் ஆண்டின் சட்டமும், இலங்கையில் 1885ஆம் ஆண்டின் சட்டமும் அச்சகத்தார் தம் நூல்களை அரசிற் பதிய வேண்டுமென விதித்தன. எனினும் ஊர்க் கோயில் மலர்களும் சங்க மலர்களும் எல்லாம் அவ்வழியே சென்று சேர்ந்தன எனக் கொள்வதற்கில்லை.

1892ஆம் ஆண்டு தமிழுலகுக்குப் பெரும்பேறு வாய்ந்த ஆண்டு. அவ்வாண்டிலேயே காரைதீவில் விபுலாநந்த அடிகளார் தோன்றினார். அவ்வாண்டிலேயே சோழநாட்டுச் சீகாழியில் எஸ். ஆர். அரங்கநாதன் பிறந்தார். இருவரும் கணித அறிவு மிக்கவர், இருவரும் ஆசிரியர். 1931இல் அடிகளார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானார். அதே ஆண்டில் அரங்கநாதன் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டார். நூல்கள் பயன்பாட்டுக்கே, ஒவ்வொரு வாசகனுக்கும் அவனது நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகன், வாசகன் நேரத்தைக் காத்தல், நூலகம் வளரும் உயிர் என்பன அவ்விதிகளின் சாரம். மூன்றாம் விதியே நம் மலர்களுக்கு உயிர்நாடி. வாசகனைச் சேராத மலர் மலர்ந்தும் மணவாத மலரே.

விளையாட்டுப் பெட்டிகள் புகட்டும் பாடம்

இளைஞர் பலர்க்கு இவையெல்லாம் பழங்கதையாகத் தோன்றலாம். அவர் விரும்பும் துறையினின்றே ஓர் உதாரணம் காட்டுவேன். கணினி விளையாட்டுகளிலும் சிறப்புப் பதிப்புகள் உண்டு. 1982இல் வெளிவந்த அல்டிமா இரண்டாம் பாகத்தின் பெட்டிக்குள் துணியில் அச்சிட்ட தேசப்படம் ஒன்று வைக்கப்பட்டது. அதே ஆண்டில் வந்த டெட்லைன் என்னும் துப்பறியும் விளையாட்டோடு, பொலிஸ் விசாரணைக் குறிப்புகளும் ஒரு மாத்திரைப் பொட்டலமும் வந்தன. இவற்றைச் சேர்ப்போர் விளையாட்டின் பெயரை மட்டும் எழுதி வைப்பதில்லை. எந்த இயந்திரத்துக்குரியது, எந்த நாட்டில் எந்த மொழியில் வெளிவந்தது, பெட்டிக்குள் என்னென்ன இருந்தன, தம்மிடமுள்ள படியில் அவற்றுள் எது இல்லை என யாவற்றையும் பதிகின்றனர். 1999 முதல் மோபிகேம்ஸ் என்னும் பெயரில் இத்தகைய பெரும் பட்டியலொன்றைத் தன்னார்வத் தொண்டர் பலர் கூடி வளர்த்தனர்.

அவர்களும் இழப்பின் கொடுமையை அறிந்தவரே. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளுள் நூற்றுக்கு எண்பத்தேழு இன்று விற்பனைக்கே இல்லை என்று 2023இல் ஓர் ஆய்வு கண்டது. நேற்றுப் பிறந்த பொருளுக்கே இக்கதியாயின், கறையான் வாழும் நம் அலுமாரிகளிலுள்ள மலர்களின் கதி யாது?

இங்கு அறிய வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. ஆக்கம் வேறு, பதிப்பு வேறு, படி வேறு. ‘யாழ் நூல்’ என்பது ஆக்கம். அது 1947இல் அச்சான முதற் பதிப்பு, பதிப்பு. அம்முதற் பதிப்பில், அட்டை கிழிந்து, ஒருவர் கையொப்பத்துடன் ஒரு வீட்டில் இருப்பது, படி. இம்மூன்றையும் ஒன்றெனக் குழப்பும் பட்டியல் பயன் தராது.

அழிவும் பதிவும்

1981 மே இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாயிற்று. அழிந்த நூல்கள் ஏறத்தாழ 97,000 என்பர். நம் மட்டக்களப்பு மக்களோ 1978 நவம்பர் 23ஆம் நாள் சூறாவளியைக் கண்டனர். நெடும்போரையும் இடப்பெயர்வையும் கண்டனர். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலையையும் கண்டனர். கூரை பறந்த வீட்டில் ஏடு ஏது? நூல் அழிந்தாலும் அதன் பெயரும் ஆண்டும் தெரிந்தால் வேறோரிடத்தில் மறுபடி தேடலாம். பெயரே தெரியாதாயின், இழந்தோம் என்பதைக்கூட அறியோம். இழப்பினும் கொடிது இழப்பை அறியாமை.

ஆயினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். அவர் நூல்களை மட்டுமன்றி நாடக நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும்கூடச் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்தபின், சிக்காகோப் பல்கலைக்கழகம் அத்தொகுதியை வாங்கித் தமிழ்நாட்டை விட்டு அகற்றாது சென்னையிலேயே நூலகமாக்க வழிசெய்தது. ஈழத்து நூல்களுக்கு என். செல்வராஜா ‘நூல் தேட்டம்’ என்னும் அட்டவணையை 2002 முதல் தொகுதிக்கு ஆயிரம் நூலாக வெளியிட்டு வந்தார். 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், நினைவு மலர்களுக்கும் சிறப்பு மலர்களுக்கும் தனித்தனிப் பிரிவே வகுத்துள்ளது. ஆயினும் வெளியிலுள்ளோர் வலை வீசலாம். மீன் இருக்கும் ஆழத்தை இவ்வாவியில் வாழும் நாமே அறிவோம்.

மலரைப் பதியும் முறை

ஒரு மலரைப் பதியும்போது தலைப்பு, விழா, வெளியிட்ட சபை, தொகுப்பாசிரியர், அச்சகம், பக்கம், ஆண்டு என்பன இன்றியமையாதன. இவற்றுள் ஆண்டே பெருஞ்சிக்கல் விளைப்பது. பழைய மலர்களில் ‘விளம்பி வருடம் தை மாதம்’ என்று மட்டும் இருப்பதுண்டு. நம் ஆண்டுப் பெயர்கள் அறுபதாண்டுக்கு ஒருமுறை திரும்புவன. விளம்பி 1898இலும் பிறந்தது, 1958இலும் பிறந்தது, 2018இலும் பிறந்தது. மேலும் சித்திரையில் ஆண்டு பிறத்தலின், 1958இற் பிறந்த விளம்பியின் தை மாதம் 1959 ஜனவரியில் தொடங்கும். தாளும் அச்சும், ஆசியுரை வழங்கியோர் பெயரும் கொண்டே எந்த விளம்பி எனத் துணிய வேண்டும்.

அடுத்தது பெயர்ச் சிக்கல். காரைதீவிற் பிறந்த மயில்வாகனனே பண்டிதர் மயில்வாகனன். அவரே பிரமசரிய தீட்சையில் பிரபோத சைதன்யர். 1924இல் துறவு பூண்டபின் அவரே விபுலாநந்தர். இப்பெயர்கள் ஒருவரையே குறிப்பன என்று அட்டவணை காட்டாவிடின், ஒருவரை மூவராக்கிய பழி நம்மைச் சாரும்.

மூன்றாவது, உள்ளடக்கம். மலரின் கட்டுரைகளை மட்டும் குறித்து, மற்றவற்றை விடுதல் ஆகாது. நன்கொடையாளர் பட்டியல் ஊரின் குடிகளைக் காட்டும். விளம்பரங்கள் அந்நாளில் இருந்த கடைகளையும் அச்சகங்களையும் காட்டும். இருப்போர், நிற்போர் எனப் பெயர் குறித்த நிழற்படம், வேறெங்கும் காண முடியாத முகங்களைக் காட்டும். 1940இல் தி. சதாசிவ ஐயர் வசந்தன் பாடல்களைத் தொகுத்து அச்சிட்டதும், 1962இல் எவ். எக்ஸ். சி. நடராசா ‘மட்டக்களப்பு மான்மிய’த்தைப் பதிப்பித்ததும், 1964இல் பண்டிதர் வி. சீ. கந்தையா ‘மட்டக்களப்புத் தமிழகம்’ எழுதியதும், சிறியதென்று எதனையும் தள்ளாது சேர்த்த கண்ணினாலன்றோ?

நம் கடன்

‘புத்தகத்தைக் காப்பாற்றினால் போதும், பட்டியல் எதற்கு?’ என்று கேட்கும் பெரியோர் உளர். அவர்க்கு யான் பணிவுடன் கூறுவது இது. புத்தகத்தைக் காப்பது ஒரு வீட்டின் பணி. அட்டவணை செய்வது ஊரின் பணி. ஐம்பது வீடுகளில் ஐம்பது மலர்கள் பத்திரமாக இருந்தும், ஒருவர்க்கொருவர் அறியாராயின் ஆராய்வோனுக்கு அவற்றால் யாது பயன்? அன்றியும், அட்டவணைக்காக எவரும் தம் மலரை இழக்க வேண்டியதில்லை. நாமே வீடு சென்று குறித்துக்கொண்டு, மலரை அவர் கையிலேயே ஒப்படைக்கலாம்.

செய்யும் வகை எளிது. எழுவான்கரைக்கு ஒரு குழு, படுவான்கரைக்கு ஒரு குழு. ஒரு தடித்த இடாப்பு, கைத்தொலைபேசியில் ஒரு நிழற்படம், மாதம் ஒரு ஞாயிறு. இளைஞர் எழுதட்டும், முதியோர் சொல்லட்டும். ஏனெனில் நிழற்படத்தில் பெயரில்லாது நிற்பவர் யாரென்று கூறவல்லவர் இன்று நம்மிடையே உள்ள தாத்தாமாரும் அம்மம்மாமாருமே. ஏடு இன்னும் சில காலம் பொறுக்கும். அவர்தம் நினைவு பொறுக்குமென்று எவர் உறுதி கூற வல்லார்?

ஆகவே இப்பணி தாமதிக்கற்பாலதன்று. சங்கத்தின் அடுத்த ஆண்டு மலரில், நம் வாவிக்கரை மலர்களின் முதற் பட்டியல், நூறு பெயராயினும் ஆகுக, அச்சேறுதல் வேண்டும். அதன் முதல் வரியில், இப்பொழுது தங்கள் கையிலுள்ள இம்மலரின் பெயரே பதிவாகட்டும். தொகுத்தோர் பெயரையும் தொகுப்பித்தோர் பெயரையும் மறவாது பொறித்த மரபிலே வந்தவர் நாம். அம்மரபு நம்மோடு அற்றுப்போகாமற் காப்பது இளைஞர் கடன். வழிகாட்டுவது முதியோர் கடன்.