படத்துக்குப் பேச்சு வந்த கதை

“இந்தப் படத்தில் மூன்று பேர், சிரிப்பு, வெளியிடம் இருக்கலாம்.”

2016 ஏப்ரலில், ஐபோனில் ஃபேஸ்புக் பயன்படுத்திய பார்வையற்றவர்களின் காதில் ஆங்கிலத்தில் இப்படி ஒரு வரி விழத் தொடங்கியது. அதைச் சொன்னது கணினி. அதுவரை அதே படத்தின் மேல் விரலை வைத்தால், போட்டவர் பெயரும் ‘படம்’ என்ற ஒற்றைச் சொல்லும்தான் கேட்கும். கல்யாணப் படமா, வெள்ளத்தில் இடிந்த வீடா, கேலிச் சித்திரமா, ஒன்றும் தெரியாது. கீழே நாற்பது பேர் “அடடா!” என்று எழுதியிருப்பார்கள். எதற்கு அந்த அடடா என்று பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

அந்த ஒரு வரி பிறப்பதற்குள் இணையத்தில் படங்கள் வந்து 23 ஆண்டுகள் ஓடிவிட்டன.

பார்வையற்றவர் போனை எப்படிக் கையாள்கிறார் என்று பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். போனில் திரைவாசிப்பான் என்று ஒரு மென்பொருள் ஓடும். விரலை வலப்பக்கம் தள்ளினால் திரையில் அடுத்து இருப்பதை வாசிக்கும். இருமுறை தட்டினால் அதைத் திறக்கும். பழகியவர்கள் வைத்திருக்கும் வேகத்தில் கேட்டால் நமக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது. ஐபோனில் வாய்ஸ்ஓவர், ஆண்ட்ராய்டில் டாக்பேக், இரண்டும் 2009இல் வந்தவை. கணினிக்கு அதற்கு முன்பே இருந்தன; விலைதான் எட்டாத உயரம். மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற இரண்டு ஆஸ்திரேலிய இளைஞர்கள், இருவருமே பார்வையற்றவர்கள், 2006இல் கரன் தொடங்கி இருவரும் சேர்ந்து வளர்த்த என்விடிஏ என்ற இலவச மென்பொருள் அந்தத் தடையை உடைத்தது. தமிழ்நாட்டில் எத்தனையோ மாணவர்கள் கணினி பழகியது அதில்தான்.

இந்த மென்பொருள்கள் எல்லாவற்றுக்கும் எல்லை ஒன்றே: எழுத்தாக இருப்பதை வாசிக்கும். எழுத்து இல்லாத இடத்தில் ஊமையாகிவிடும்.

1993 பிப்ரவரியில், இலினாய் பல்கலைக்கழகத்தில் இருந்த மார்க் ஆண்ட்ரீசன் என்ற 21 வயது இளைஞர், இணையப் பக்கத்துக்குள் படம் வைக்க ஒரு வழி சொன்னார். அவர் எழுதிக்காட்டிய கட்டளையில் படக்கோப்பு எங்கே இருக்கிறது என்று குறிப்பிட மட்டும் இடம் இருந்தது. படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்ல இடம் இல்லை. அந்த இடம் பிறகு சேர்ந்தது. அதுவும் பார்வையற்றவர்களை மனதில் வைத்து வந்ததாகத் தெரியவில்லை. அன்றைக்குப் பல கணினிகளில் எழுத்தைத் தவிர வேறெதையும் காட்ட முடியாது. தொலைபேசிக் கம்பி வழி வரும் இணையத்தில் ஒரு படம் இறங்க நிமிடக்கணக்கில் ஆகும். அப்படிப்பட்டவர்கள் படத்துக்குப் பதிலாகப் படித்துக்கொள்ள ஒரு வரி வேண்டும். 1995இல் வெளிவந்த எச்டிஎம்எல் 2.0 விதிகளில் அந்த மாற்று உரை இடம்பிடித்தது. 1997இன் எச்டிஎம்எல் 4.0 அதைக் கட்டாயமாக்கியது. 1999 மே மாதம் உலகளாவிய இணையக் கூட்டமைப்பு மாற்றுத்திறனாளிகளும் இணையத்தை அணுகுவதற்கான வழிகாட்டு நெறிகளை முதன்முதலாக வெளியிட்டபோது, முதல் நெறியே இதுதான்: எழுத்தல்லாத எதற்கும் ஈடாக எழுத்து கொடு.

விதி எழுதியாகிவிட்டது, யார் மதிப்பது? இங்கேதான் புரூஸ் மக்வாயர் வருகிறார். ஆஸ்திரேலியர், பார்வையற்றவர். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் இணையதளத்தில் படங்களுக்கு மாற்று உரை இல்லை, முடிவுப் பட்டியல்களை வாசிக்க முடியவில்லை என்று அந்நாட்டு மனித உரிமை ஆணையத்தில் முறையிட்டார். அமைப்பாளர்கள், சரிசெய்ய ஆகும் செலவும் காலமும் மிக அதிகம் என்று வாதாடினார்கள். ஆணையம் அதை ஏற்கவில்லை. போட்டிகள் தொடங்குமுன் சரிசெய்யச் சொன்னது. முழுதாகச் செய்யாததால் 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. பார்வையற்ற ஒருவர் இணையதளத்தின் மீது வழக்குப் போட்டு வெல்ல முடியும் என்று உலகம் அறிந்தது அப்போதுதான். இந்தக் கதை நெடுகிலும் இதைக் காணலாம்: பாதிக்கப்பட்டவர் கதவைத் தட்டாமல் எதுவும் திறந்ததில்லை.

சமூக ஊடகங்கள் வந்தபோது சிக்கலே வேறு வடிவம் எடுத்தது. இணையதளம் என்றால் அதை நடத்துகிறவர் மாற்று உரை எழுத வேண்டும். எழுதாவிட்டால் அவரைக் கேட்கலாம். ஃபேஸ்புக்கிலும் ட்விட்டரிலும் படம் போடுகிறவர்கள் நீங்களும் நானும். நமக்கு எழுதத் தெரியாது என்பது பிறகு. எழுதுவதற்குப் பெட்டியே இல்லை.

தொடக்கத்தில் ட்விட்டர் பார்வையற்றவர்களுக்குப் பிடித்த இடமாக இருந்தது. 140 எழுத்து, அவ்வளவுதான். எல்லாம் எழுத்து என்பதால் எல்லாம் காதுக்கு வந்தது. ட்விட்டரின் சொந்தப் பக்கம் திரைவாசிப்பானோடு ஒத்துப்போகாதபோது, டெனிஸ் லெம்ப்ரீ என்ற வடிவமைப்பாளர் 2009இல் அதற்கு மாற்றாக ஒரு எளிய தளத்தைக் கட்டிக்கொடுத்தார். 2011இல் ட்விட்டரிலேயே நேரடியாகப் படம் ஏற்றும் வசதி வந்தது. அன்றிலிருந்து பார்வையற்றவர்களுக்கு வந்த பதிவுகளின் ஓடையில் ஓட்டைகள் விழ ஆரம்பித்தன.

ஐந்து ஆண்டு கழித்து, 2016 மார்ச்சில், ட்விட்டர் பட விளக்கம் எழுத 420 எழுத்து கொண்ட ஒரு பெட்டி கொடுத்தது. ஆனால் அமைப்புகளுக்குள் நுழைந்து, அணுகல் என்ற பகுதியைக் கண்டுபிடித்து, அங்கே இயக்கினால்தான் அந்தப் பெட்டி கண்ணில் படும். அப்படி ஒன்று இருப்பது யாருக்குத் தெரியும்? கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட படப் பதிவுகளை எடுத்துப் பார்த்து 2019இல் வெளியிட்ட முடிவு: விளக்கம் இருந்தவை 0.1 சதவீதம். ஆயிரம் படத்துக்கு ஒன்று. 2020இல்தான் அந்தப் பெட்டி எல்லோருக்கும் தானாகத் தெரியும்படி ஆனது. ஒரு வசதியை உருவாக்குவதும் அதை மக்கள் கண்ணில் படும்படி வைப்பதும் வேறு வேறு வேலை. இரண்டாவதைச் செய்யாவிட்டால் முதலாவதைச் செய்ததாகக் கணக்கில் எழுதக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஃபேஸ்புக் வேறு வழியில் போனது. மக்கள் எழுத மாட்டார்கள், கணினி எழுதட்டும் என்று முடிவெடுத்தது. அங்கே பொறியாளராகச் சேர்ந்திருந்த மேட் கிங் பார்வையற்றவர். ஐபிஎம்மில் நெடுங்காலம் இந்தத் துறையிலேயே உழைத்தவர். ஷாவ்மெய் வூ போன்ற ஆய்வாளர்களும் அவரும் கூட இருந்த குழு, படத்தைப் பார்த்து விளக்கம் சொல்லும் தானியங்கி மாற்று உரையை உருவாக்கியது. தன் மற்ற செயலிகளோடு சேர்த்து நாளொன்றுக்கு 200 கோடிக்கு மேல் படங்கள் பகிரப்படுவதாக ஃபேஸ்புக் அன்று சொன்னது. மனிதர்களை வைத்து எழுதி முடிகிற எண்ணிக்கை இல்லை.

இதில் அவர்கள் காட்டிய நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது. கணினி தவறாகச் சொன்னால் சரிபார்க்க முடியாதவர்களிடம் அல்லவா சொல்கிறது? அதனால் சுமார் 100 பொருள்களை மட்டும் அடையாளம் காணும்படி பயிற்றினார்கள். ஒரு பொருளை அடையாளம் காண்பதில் குறைந்தது 80 சதவீதத் துல்லியம் எட்டினால்தான் அதைப் பட்டியலில் சேர்த்தார்கள். ‘இருக்கிறது’ என்று அடித்துச் சொல்லாமல் ‘இருக்கலாம்’ என்று வைத்தார்கள். முதலில் எத்தனை பேர், பிறகு பொருள்கள், கடைசியில் இடம் என்று வரிசையும் வகுத்தார்கள். இத்தனை கண்டிப்போடும் பாதிக்கு மேற்பட்ட படங்களில் ஏதாவது ஒன்றையாவது சொல்ல முடிந்தது.

அந்தப் பட்டியலுக்கு அவர்கள் எடுத்துக்காட்டாகக் கொடுத்த உணவுகள் பீட்சா, ஐஸ்கிரீம், சூஷி, காபி. விளையாட்டுகள் டென்னிஸ், பேஸ்பால், கோல்ஃப். அது யாருடைய படங்களைக் கண்டு வளர்ந்த கண் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். 2021இல் பட்டியலை 1,200க்கு மேல் கூட்டியபோது, உலகின் பல பகுதிப் படங்களும் சரியாகச் சொல்லப்பட வேண்டும் என்று கருதிப் பயிற்சியை விரிவாக்கினார்கள்.

இடையில் 2017 இறுதியில் இன்னொன்று கிடைத்தது. முகத்தை அடையாளம் கண்டு, படத்தில் இருக்கும் நண்பரின் பெயரையும் சொல்லத் தொடங்கியது. ‘மூன்று பேர்’ என்பதற்கும் மூவரின் பெயர்களைக் கேட்பதற்கும் எவ்வளவு தூரம் என்று சொல்லத் தேவையில்லை. 2021 நவம்பரில் முக அடையாள முறையையே ஃபேஸ்புக் நிறுத்தியது. கோடிக்கணக்கானோரின் அந்தரங்கத்தைக் காக்க அது சரியான முடிவு என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் பெயர்கள் போய்விட்டன. கொடுத்த வசதியை நிறுவனம் ஒரு நாளில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பதை அதில் பார்த்தோம்.

ட்விட்டரில் இது இன்னும் மோசமாக நடந்தது. உரிமையாளர் மாறிய கையோடு, 2022 நவம்பரில், அணுகல் வசதிகளைக் கவனித்த குழுவை வீட்டுக்கு அனுப்பினார்கள். 2023 ஜனவரியில் வெளியார் செயலிகளைத் தடைசெய்தார்கள். திரைவாசிப்பானோடு நன்றாக ஒத்துழைத்த ட்விட்டரிஃபிக் போன்றவை ஒரே நாளில் செத்தன. பார்வையற்றவர்கள் பலர் மாஸ்டடான் என்ற சமூக ஊடகத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். விளக்கம் இல்லாத படத்தைப் பகிரத் தயங்குகிற பழக்கம் அங்கே பலரிடம் இருக்கிறது.

இன்று செயற்கை நுண்ணறிவு இன்னும் ஒரு படி போய்விட்டது. 2015இல் பார்வையற்றவர்களையும் தன்னார்வலர்களையும் வீடியோ அழைப்பில் இணைக்கத் தொடங்கிய ‘பி மை ஐஸ்’ என்ற செயலி, 2023இல் ஜிபிடி-4 துணையோடு படங்களைப் பத்தி பத்தியாக விவரிக்கத் தொடங்கியது. உண்மையிலேயே பெரிய விடுதலை இது. ஆனாலும் அந்தப் படத்தை நீங்கள் ஏன் போட்டீர்கள் என்பது எந்த இயந்திரத்துக்கும் தெரியாது. ‘நாற்காலியில் வயதான பெண், சுவர்’ என்று அது சொல்லும். மருத்துவமனையிலிருந்து அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார் என்பதை நீங்கள்தான் சொல்ல முடியும்.

இனி நம் ஊர். தமிழில் செய்திகள் பரவுவதே அட்டைப் படங்களாகத்தான். செய்தித் தொலைக்காட்சிகள் ஒவ்வொரு செய்தியையும் ஒரு படத்துக்குள் எழுதிப் போடுகின்றன. மேலே ‘ஜஸ்ட் இன்’ என்று மட்டும் எழுத்தாக இருக்கும். கனமழைக்குப் பள்ளி விடுமுறை என்ற அறிவிப்பு, கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்த கடிதமாக வருகிறது. கல்யாணப் பத்திரிகை படம், துக்கச் செய்தி படம், கவிதைகூடப் பூப்போட்ட பின்னணியில் படம். யூனிகோடு என்ற பொதுவான எழுத்துக்குறி முறை வருமுன் பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்புகளைத் திரைவாசிப்பான் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக ஒப்பிக்கும். அந்தத் தொல்லையிலிருந்து தமிழ் ஒருவழியாக மீண்டது. மீண்ட எழுத்தை நாமே திரும்பப் படத்துக்குள் பூட்டி வைக்கிறோம்.

2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. வங்கிச் சரிபார்ப்பில் கேமரா முன் கண் சிமிட்டச் சொல்கிறார்களே, அதைச் செய்ய முடியாத அமிலவீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகள் அவை. அரசுத் துறைகள் தம் அறிவிப்புகளைப் படமாக மட்டும் வெளியிடுவதை இந்தத் தீர்ப்புக்குப் பிறகும் தொடர்வது நியாயமே இல்லை.

நாம் செய்யக்கூடியதற்கு நீதிமன்றம் தேவையில்லை. ஃபேஸ்புக்கில் படத்தைத் திருத்தும் இடத்திலும், இன்ஸ்டாகிராமில் பதிவிடுமுன் வரும் கூடுதல் அமைப்புகளிலும், எக்ஸ் (முன்பு ட்விட்டர்) தளத்தில் படத்தின் மேலேயே உள்ள பொத்தானிலும் மாற்று உரை எழுதலாம். வாட்ஸ்அப்பில் படத்துக்குக் கீழே இரண்டு வரி போதும். யார், எங்கே, என்ன செய்கிறார்கள் என்று எழுதுங்கள். படத்துக்குள் எழுத்து இருந்தால் அதை முழுதாகத் தட்டுங்கள். ஒரே சிரிப்புப் பொம்மையை இருபது முறை போடாதீர்கள். அதை இருபது முறையும் ஒப்பிக்கிற திரைவாசிப்பான்கள் உண்டு. அடுத்த படத்தைப் போடும்போது இதைச் செய்துவிடுங்கள்.