மாமண்டூர் வெள்ளி

வடக்கனந்தலில் நின்று மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை கண்ணை மறிக்கும். மலையிலிருந்து இறங்கும் கோமுகி ஆற்றுக்கு 1960களில் அணை கட்டியதிலிருந்து, இந்தப் பக்கத்து நெல்லும் கரும்பும் அந்தத் தண்ணீரை நம்பியே வளர்கின்றன. மலையைத் தாண்டி மேற்கே இறங்கினால் சேலம். அங்கே செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைகளில் நாள் முழுவதும் வெள்ளிக் கொலுசு உருவாகிறது. மலைக்குக் கிழக்கே, பழைய தென்னாற்காட்டு மண்ணுக்கு அடியில், அதே வெள்ளி கல்லோடு கல்லாக இறுகிக் கிடக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று சந்தித்ததில்லை. கொலுசாகும் வெள்ளி ராஜஸ்தானிலிருந்து வருகிறது, அல்லது கடல் கடந்து வருகிறது.

கிழக்கே இருக்கும் அந்த இடத்தின் பெயர் மாமண்டூர். தமிழ்நாட்டில் இந்தப் பெயரில் ஊர்கள் பல உண்டு. பல்லவர் குடைவரைகள் இருக்கும் மாமண்டூர் வேறு. திருச்சி சாலையில் பேருந்துகள் சாப்பாட்டுக்கு நிற்கும் மாமண்டூர் வேறு. இது புவியியலாளர்கள் மட்டும் அறிந்த மாமண்டூர். இந்தியச் சுரங்கப் பணியகத்தின் ஆண்டு நூலில் தமிழ்நாட்டுக் கனிமங்களின் நீண்ட பட்டியல் ஒன்று வரும். சுண்ணாம்புக்கல், மேக்னசைட், பழுப்பு நிலக்கரி என்று பக்கம் பக்கமாகப் போகும் அந்த விவரங்களுக்கு நடுவே செம்பு, ஈயம், துத்தநாகம், வெள்ளி நான்கையும் சேர்த்து விழுப்புரம் மாவட்டத்தின் பெயரில் ஒரே ஒரு வரி இருக்கும். கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன்பு எழுதப்பட்ட வரி அது. மாநிலத்தின் வெள்ளி முழுவதும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடுகிறது.

வெள்ளி தனியாக வாழ்வது அரிது. ஈயத்தைத் தேடிப் போனவர்களுக்குத்தான் அது பெரும்பாலும் கிடைத்திருக்கிறது. ஈயமும் கந்தகமும் சேர்ந்த கலீனா என்ற கல் கரும்பளபளப்பாக இருக்கும், கையில் எடுத்தால் எதிர்பாராத கனம் கனக்கும். அதற்குள் வெள்ளி கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும். பழங்காலத்து உலைக்காரர்கள் முதலில் கல்லை உருக்கி ஈயம் எடுத்தார்கள். பிறகு அந்த ஈயத்தைச் சாம்பல் மெழுகிய குழியில் வைத்துக் காற்றூதிக் காய்ச்சினார்கள். ஈயம் காற்றோடு கலந்து மாறி, சாம்பலுக்குள் இறங்கிவிடும். குழியின் நடுவே ஒரு மணி வெள்ளி மிஞ்சும்.

ஒரு டன் கல்லில் நூறு கிராம் வெள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். சுரங்கக்காரர் அதை நல்ல கல் என்பார். அந்த ஒரு டன்னும் சேர்ந்து ஒரு பெண்ணின் கால்களுக்கு ஒரு ஜோடிக் கொலுசைத் தரும், அவ்வளவுதான்.

தமிழ் மண் வெள்ளிக்கு எப்போதும் வெளியாரையே எதிர்பார்த்திருந்தது. கொங்குநாட்டில் புதையல் புதையலாகக் கிடைத்த ரோமானிய தினாரியஸ் காசுகள் மிளகுக்கும் மணிக்கல்லுக்கும் விலையாக வந்த வெள்ளி. கீழடியில் கிடைத்த முத்திரைக் காசும் வடநாட்டுத் தொடர்பையே பேசுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் ராஜராஜன் கொடுத்த வெள்ளிப் பாத்திரங்களை எடையோடு பட்டியலிடுகின்றன. சேரரையும் பாண்டியரையும் வென்று கொண்ட பண்டாரத்தைப் பற்றியும் சொல்கின்றன. வணிகமும் போரும் கொண்டுவந்த உலோகம் அது. இந்த மலைகளைச் சுற்றி மக்கள் கல்லை உருக்கியது இரும்புக்காக. சேலம், கள்ளக்குறிச்சிப் பக்கங்களில் அந்தத் தொழில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை உயிரோடு இருந்தது.

அந்த நூற்றாண்டில்தான் சுத்தியலோடு வேறு வகை ஆட்கள் வந்தார்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1851இல் தொடங்கியது. அதன் ஊழியர்களான வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபுட்டும் திருச்சி, சேலம், தென்னாற்காடு மாவட்டங்களின் பாறை அமைப்பைப் பற்றி 1860களில் எழுதினார்கள். 1863இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்தாரே, அதே ஃபுட்தான். கல்வராயன் மலையின் கருங்கல்லுக்குச் சார்னோகைட் என்று பெயர். கொல்கத்தாவில் இருக்கும் ஜோப் சார்னாக்கின் கல்லறைக் கல் சென்னைப் பக்கத்திலிருந்து போன இதே வகைக் கல் என்று கண்ட புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட், சார்னாக்கின் பெயரையே அதற்கு வைத்தார். பூமியின் அடியாழத்தில் கடும் வெப்பத்தில் வெந்து உருமாறிய பாறை இது. மாமண்டூரின் உலோகக் கற்களும் அப்படி வெந்த பாறைகளுக்குள்தான் இருக்கின்றன. இத்தகைய கடும் வெப்பத்தில் ஈயக் கந்தகம் இளகிப் பிளவுகளில் ஓடி, வேறிடத்தில் உறைய வாய்ப்புண்டு. ஆகவே இங்கே உலோகம் ஒரே சீரான பட்டையாகப் படுத்திருக்கும் என்று யாரும் நம்பிவிட முடியாது.

நம்பிக்கை தந்த பெரிய படிவுகள் வடக்கே இருந்தன. அங்கே வழிகாட்டியவை பழைய குழிகள்.

பழைய சுரங்கத்தை எப்படி அடையாளம் காண்பது என்று அர்த்தசாஸ்திரமே சொல்லியிருக்கிறது. கசடு, மூசை, கரி, சாம்பல் இவற்றைப் பார் என்கிறது. உதய்ப்பூருக்குத் தெற்கே ஜாவரில் பார்ப்பதற்கு இவை மலைமலையாகக் கிடந்தன. கத்தரிக்காய் வடிவத்தில் சுட்ட மண் குடுவைகள் லட்சக்கணக்கில் குவிந்து, வீட்டுச் சுவர்களுக்கே செங்கல்லாக உதவின. துத்தநாகம் உலைச்சூட்டில் ஆவியாகிப் பறந்துவிடும் உலோகம். அந்த ஆவியைக் கீழ்நோக்கி இறக்கிக் குளிரவைத்துப் பிடிக்கும் வித்தையை ஜாவர் உலைக்காரர்கள் கற்றிருந்தார்கள். அதற்கு முன்பே அங்கே வெள்ளிக்காக ஈயக்கல் வெட்டியிருக்கிறார்கள். பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் மேவார் ராணா லாகா காலத்தில் அந்தச் சுரங்கம் செழித்தது. 1812 வாக்கில் வந்த பஞ்சத்தில் உலைகள் அணைந்தன.

இரண்டாம் உலகப் போரில் ஈயத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது புவியியல் ஆய்வுத் துறை ஜாவருக்குத் திரும்பிப் போனது. பிறகு ஒரு தனியார் நிறுவனம் வெட்டியது. 1966இல் இந்துஸ்தான் ஜிங்க் என்ற அரசு நிறுவனம் பொறுப்பேற்றது. ராஜஸ்தானின் மற்றொரு பழைய சுரங்கமான ராஜ்புரா தரீபாவில் முன்னோர் இருநூற்றைம்பது மீட்டருக்கும் கீழே இறங்கியிருந்தார்கள். அவர்கள் முட்டுக்கொடுத்த மரங்களின் வயதைக் கரிமக் கணக்கில் பார்த்தபோது கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகள் வந்தன. வெடிமருந்து இல்லாத காலம் அது. பாறையை நெருப்பால் காய்ச்சிப் பிளந்து, கூடையில் சுமந்து, தண்ணீரையும் இறைத்துக்கொண்டே அவ்வளவு ஆழம் போயிருக்கிறார்கள். அந்த உழைப்பாளிகளில் ஒருவர் பெயர்கூட மிஞ்சவில்லை என்பது நெஞ்சை உறுத்துகிறது.

1977இல் கண்டறியப்பட்ட ராம்புரா ஆகுச்சாவிலும் பழைய கசடும் குழியும் இருந்தன. முன்னோர் ஈயத்தையும் வெள்ளியையும் எடுத்துக்கொண்டு விட்டுப்போன துத்தநாகம் உலகின் பெரிய படிவுகளில் ஒன்றாகத் தேறியது. கோலாரில் நடந்ததும் ஏறக்குறைய இதே கதைதான். 1880களில் முதலீட்டாளர்கள் கைவிடவிருந்த நேரத்தில், கேப்டன் பிளம்மர் பழைய குழிகளுக்கும் கீழே இறங்கிப் பார்த்தார். சாம்பியன் தங்க ரேகை அங்கே காத்திருந்தது. அடுத்த நூறாண்டுக்கு வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் அந்தப் பாதாளத்துக்கு வேலைக்குப் போயின.

பழைய குழி இடத்தைக் காட்டும். அளவைச் சொல்ல வேண்டியது துளை. கள்ளக்குறிச்சிக்காரர்களுக்குத் துளை போடுவது புதிதல்ல, திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகளின் இரைச்சல் பழகிப்போன ஊர்கள் இவை. ஆனால் போர்வெல் கல்லை மாவாக்கி வெளியே ஊதிவிடும். கனிமம் தேடும் துளையோ கல்லை உருக்குலையாமல் எடுக்க வேண்டும். நடுவில் வெறுமையான வைரமுனைக் குழாய் சுழன்று இறங்கும்போது, ஐந்து சென்டிமீட்டர் தடிமனில் ஒரு கல்தண்டு குழாய்க்குள் நிற்கும். அதை மேலே எடுத்து, ஆழம் குறித்து, பெட்டிகளில் வரிசையாக அடுக்குவார்கள். பழைய சுரங்கமாக இருந்தால் முனை திடீரென்று வெறுமைக்குள் சரியும், துளையில் விட்ட தண்ணீர் மாயமாகும். முன்னோர் வெட்டிய இடம் வந்துவிட்டது என்று துளைப்பவர் அறிந்துகொள்வார்.

தண்டை நெடுக்கில் இரண்டாக அறுத்து ஒரு பாதியை ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். மறுபாதி சாட்சியாகப் பெட்டியிலேயே இருக்கும். அந்தச் சாட்சி எவ்வளவு முக்கியம் என்பதை 1997இல் இந்தோனேசியாவின் புசாங்கில் உலகம் கண்டது. பிரி-எக்ஸ் என்ற கனடா நிறுவனம் தண்டுகளை முழுவதுமாக இடித்துவிட்டது. இடித்த மாவில் தங்கத்தூள் கலக்கப்பட்டிருந்தது பிறகு தெரியவந்தது. முதலீட்டாளர்கள் கோடிகளை இழந்தார்கள். ஆய்வகத்துக்குப் போன பாதியில் வெள்ளி எவ்வளவு என்று பார்க்கும் ஒரு முறை இன்றும் பழைய உலைக்காரரின் முறைதான். ஈயத்தோடு உருக்கி, சாம்பல் கிண்ணத்தில் ஈயத்தை உறிஞ்சவிட்டு, மிஞ்சும் மணியை நிறுப்பார்கள்.

மாமண்டூரிலும் துளை போட்டுக் கணக்குப் பார்த்தார்கள். கிடைத்த விடை சிறியது. மொத்தக் கல் பத்து லட்சம் டன்னை எட்டவில்லை. ஆகுச்சாவில் தொடக்கத்தில் கணித்தது ஆறு கோடி டன். அங்கே ஆலையும் உருக்கு உலையும் கட்டக் கட்டுபடியாகும், இங்கே அந்தக் கணக்கு நிற்காது. இந்தியாவில் தாதுவிலிருந்து எடுக்கும் வெள்ளி கிட்டத்தட்ட முழுவதும் இந்துஸ்தான் ஜிங்க்கின் ராஜஸ்தான் சுரங்கங்களிலிருந்தே வருகிறது. 2023-24இல் அது 746 டன். 2022இல் நாடு இறக்குமதி செய்தது ஒன்பதாயிரம் டன்னுக்கும் மேல். வெள்ளி விலை ஏற ஏற, சூரியத் தகடுகளுக்கும் அது தேவைப்படத் தேவைப்பட, சிறிய படிவுகளின் கோப்புகளை உலகெங்கும் மறுபடி புரட்டிப் பார்க்கிறார்கள்.

மாமண்டூரின் கோப்பையும் ஒருநாள் யாராவது புரட்டலாம். அன்று பழைய துளைகளுக்கு இடையே புதிய துளைகள் போடுவார்கள், அவற்றைவிட ஆழமாகவும் போவார்கள். பட்டை கீழே தொடர்கிறதா, பிளந்து சிதறிவிட்டதா என்று பார்க்க வேறு வழியில்லை. அதே துளைகள் நிலத்தடி நீரையும் அளக்க வேண்டும். ஈயமும் கந்தகமும் உள்ள கல்லைத் தோண்டி வெளியே கொட்டினால், மழைநீர் அதில் அமிலமாகி ஓடும். தாழ உள்ள கிணறுகளில் முதல் நாளே தண்ணீர் மாதிரி எடுத்து வைக்காவிட்டால், பின்னால் எது கெட்டது, எப்போது கெட்டது என்று எந்த விவசாயியாலும் நிரூபிக்க முடியாது. கல்தண்டின் மறுபாதியைப் போல அந்தத் தண்ணீர்க் கணக்கும் ஊரார் போய்ப் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும்.