எழுதியவரே விற்ற நூல்கள்

யாழ்ப்பாணத்தில் நூலை எழுதியவரே அச்சிட்டு விற்கும் வழக்கம், ஆறுமுக நாவலர் 1849இல் தமிழகத்திலிருந்து அச்சியந்திரம் கொணர்ந்து வண்ணார்பண்ணையில் நிறுவிய காலத்திலேயே வேரூன்றியது. அந்நாளில் புலவர்கள் நூலைப் புகழ்ந்து பாடிக்கொடுத்த சாற்றுகவிகள் நூலுடன் அச்சேறி வாங்குவோருக்கு நம்பிக்கையூட்டின. பின்னர் வெளியீட்டு விழா, அதாவது அறிமுகவுரையும் ஆய்வுரையும் முடிந்தபின் முதற்பிரதியையும் சிறப்புப் பிரதிகளையும் பிரமுகர்கள் மேடையேறிப் பணம் கொடுத்துப் பெறும் கூட்டம், நிலைபெற்று, அச்சுச் செலவின் ஒரு பகுதியை அங்கேயே மீட்டுத் தந்தது. மேடையை நம்பியிராதவர் எழுத்தாளர் டொமினிக் ஜீவா. 1966இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கி, யாழ்ப்பாணக் கஸ்தூரியார் வீதியில் இருந்த முடிதிருத்தும் சலூனிலிருந்து அதை நடத்தி, பிரதிகளைக் கையிற் சுமந்து தெருத்தெருவாக விற்றார். சாதி ஒடுக்குமுறை நிலவிய சமூகத்தில் வாசகரை நேரே தேடிச் சென்ற அவ்வுழைப்பு ஈழத்து இதழியலின் பெருஞ்சாதனை. 'மல்லிகை' 2012 வரை வெளிவந்தது.