தங்கவயலில் பறவை நோக்குதல்

மைசூர் சமஸ்தானத்துப் பறவைகளைக் கணக்கெடுக்கும் பொறுப்பை ஏற்று 1939-40-இல் ஊரூராய்ச் சென்ற ஸாலிம் அலியின் கையில், அக்கால வழக்கப்படி, தூரதர்சினியோடு துப்பாக்கியும் இருந்தது. ஒரு பறவையை இன்னதென்று ஐயமின்றி நிச்சயிக்க வேண்டுமானால் அதைச் சுட்டு, தோலைப் பதப்படுத்தி, சீட்டெழுதிக் கட்டிவைப்பதே அன்றைய சாஸ்திர மரபு. 1941-இல் அவர் வெளியிட்ட இந்தியப் பறவைகள் நூலும், 1972-இல் ஜோசப் ஜார்ஜ் முயற்சியால் பெங்களூரில் தோன்றிய பறவை நோக்கர் சங்கமும், உயிருள்ள பறவையைப் பார்த்தே இனம் காணும் பழக்கத்தைச் சாமானியரிடம் பரப்பின.

ஸாலிம் அலி ஊரூராய்ச் சென்ற அதே காலத்தில், கோலார் தங்கவயலில், சுரங்கங்களை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனியின் உத்தியோகஸ்தர்கள் பங்களாக்களிலும் கிளப்பிலும் மாலைப் பொழுதைக் கழித்துக்கொண்டிருக்க, வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து லைன் வீடுகளில் அடைந்து கிடந்த நம் ஜனங்கள், பிற்காலத்தில் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டிய சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கி உழைத்தார்கள். சூரியனைக் காண்பதே அரிதாயிருந்தவனுக்குப் பட்சிகளை ரசிக்க அவகாசம் எங்கே? இதை நாம் மறந்துவிடலாகாது.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்ட பின், ஏரும் கட்டடமும் ஏறாத அந்நிலத்தில் வெளிமான்கள் மேய்கின்றன. தங்கம் பிரித்தெடுத்த கழிவு குவிந்த சயனைடு மேடுகளைச் சுற்றிய கோலார்ச் சமவெளியிலோ கவுதாரியும் வானம்பாடியும் ஆள்காட்டியும் வெறுந்தரையில் குஞ்சு பொரிக்கின்றன. சரளைக் கற்களின் நடுவே, கல்லோடு கல்லாய் நிறம் கலந்த நான்கு முட்டைகளை இட்டு, கோடை வெயில் ஏறும்போது வயிற்று இறகுகளை நீரில் தோய்த்து வந்து அவற்றின் மேல் அமர்ந்து குளிரூட்டும் ஆள்காட்டியின் சிரத்தையைக் கண்டவர் எவரும் அவ்விடத்தைத் தரிசு என்று சொல்லத் துணியார். ஆனால் அதைப் படம் பிடிக்க அரை மணி நேரம் அருகே நிற்பவரைக் கண்டு தாய்ப்பறவை கதறிக்கொண்டு எழுந்து பறந்தால், முட்டைகள் வெந்து போகும். பறவை நோக்கும் ஆசை பெருகியதன் தீங்கு இதுவே: பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை மயக்கி இழுப்பதும், கூடு உள்ள இடத்தை ஊரறிய வெளியிடுவதும் அபிமானத்தின் பெயராலேயே நடக்கின்றன.

ஆயினும் நன்மையே பெரிதென்று கருதுகிறேன். சுமார் 30,000 நோக்கர்கள் இ-பேர்டு என்னும் இணையதளத்தில் எழுதிச் சேர்த்த குறிப்புகளைக் கொண்டு 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, 942 இனங்களை ஆராய்ந்து, புல்வெளியையும் திறந்த வெளியையும் நம்பி வாழும் பறவைகள் வேகமாகக் குறைந்துவருவதை எடுத்துக்காட்டிற்று. துப்பாக்கி ஏந்திய பண்டிதர் ஒருவரால் ஆயுள் முழுவதும் திரட்ட இயலாத சாட்சியம் அது.

அந்தச் சாட்சியம் தங்கவயலுக்கு இப்பொழுதே வேண்டும். அந்தச் சயனைடு மேடுகள் 13-இல் மீண்டும் தங்கம் எடுக்க 2024 ஜூனில் கர்நாடக மந்திரிசபை இசைந்திருக்கிறது. வேலை இழந்த ஊருக்கு வேலை வருமாயின் அதைத் தடுப்பார் யார்? இயந்திரங்கள் வருமுன், ஓராண்டின் எல்லாப் பருவங்களிலும் அங்கே பறவைக் கணக்கு எடுக்கப்பட வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அதை எடுக்க லைன் வீடுகளில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளையே பழக்கலாம்.