சட்டமும் சமுதாயமும்: ராவ்பகதூர் என். சிவராஜ்

கேட்பதனால் மட்டும் உரிமை கிட்டுவதில்லை. சட்டத்தின் மொழியில் கேட்கத் தெரிந்தவர்க்கே அது கிட்டும். இதனை நன்குணர்ந்த தலைவர் ராவ்பகதூர் என். சிவராஜ் அவர்கள்.

1892 செப்டம்பர் 29இல் பிறந்த அன்னார், வழக்கறிஞராகி, சென்னைச் சட்டக் கல்லூரியில் பேராசிரியராகப் பல்லாண்டுகள் பணியாற்றினார். கோயிலுக்குள்ளும் பொதுக் கிணற்றருகிலும் நம்மவர் தடுக்கப்பட்ட காலம் அது. அக்காலத்தில் எல்லாச் சாதி மாணவர்க்கும் அவர் சட்டம் போதித்தார் என்பதை நம் இளைஞர் நினைவிற்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவிலும் இத்தகைய வரலாறு ஒன்றுண்டு. கறுப்பின மக்களில் தோன்றிய ஜான் மெர்சர் லாங்ஸ்டனுக்கு (1829–1897) நிறத்தைக் காட்டிச் சட்டப் பள்ளிகள் கதவடைத்தன. அவர் வழக்கறிஞர் ஒருவரிடம் பயின்று, 1854இல் ஓஹையோ மாநிலத்தில் வழக்கறிஞரானார். பின்னர் ஹோவார்டு பல்கலைக்கழகச் சட்டத்துறையின் முதல் தலைவராகிப் பிறருக்கும் அக்கதவைத் திறந்தார். 1888ஆம் ஆண்டுத் தேர்தலின் முடிவை எதிர்த்துப் போராடி, 1890இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் தமக்குரிய இடத்தைப் பெற்றார்.

சிவராஜ் அவர்களும் சென்னைச் சட்ட மேலவையிலும், பின்னர் மத்திய சட்டசபையிலும் நம் குறைகளை எடுத்துரைத்தார். 1942 ஜூலையில் நாகபுரி மாநாட்டில் அகில இந்தியப் பட்டியல் இனத்தோர் கூட்டமைப்பு உருவானபோது, அதன் தலைமை அவரை வந்தடைந்தது. அதே மாதம் டாக்டர் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறைப் பொறுப்பை ஏற்றார். எனவே இயக்கத்தின் பாரத்தைச் சுமக்க நம்பிக்கைக்குரிய தோள் ஒன்று தேவைப்பட்டது. அத்தோள் சென்னையினின்று கிடைத்தது. அவர்தம் துணைவியார் அன்னை மீனாம்பாளும் பொதுவாழ்வில் உடன் நின்றார்.

1945இல் சிவராஜ் அவர்கள் சென்னை மேயரானார். ஆனால் 1946ஆம் ஆண்டுத் தேர்தலில் கூட்டமைப்பு பெருந்தோல்வி கண்டது. 1932ஆம் ஆண்டுப் புனா ஒப்பந்தப்படி முதற்கட்டத் தேர்தலில் நம்மவர் மட்டுமே வாக்களித்தனர். இறுதித் தேர்தலிலோ அனைவரும் வாக்களித்தனர். ஆகவே நம்மவர் முதலிடம் தந்தவரும் இறுதியில் தோற்க நேர்ந்தது. அவர் சோர்ந்தாரில்லை. 1957இல் செங்கல்பட்டிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வாண்டே உருவான இந்தியக் குடியரசுக் கட்சியின் தலைமையையும் ஏற்றார். 1964இல் தம் பிறந்த நாளன்றே மறைந்தார்.

இன்று நந்தனம் கல்லூரியிலும் பிற கல்லூரிகளிலும் பயிலும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். தலைவர் படத்திற்கு மாலையிடுவது நன்று. அவர் கற்ற சட்டத்தைக் கற்பது அதனினும் நன்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டுவிட்டது. எனினும், அதனை எடுத்து வாதிட நம்மவர் இல்லாவிடின் அது ஏட்டளவிலேயே நின்றுவிடும். வீட்டுக்கொரு பட்டதாரி என்ற நம் கனவோடு, தெருவுக்கொரு வழக்கறிஞர் என்ற உறுதியையும் இவ்வெள்ளி விழாவில் ஏற்போமாக.