கோர்வையும் ஒட்டும்

காஞ்சிபுரத்தில் பிறந்து, அவ்வூர்ப் பள்ளியிலேயே பல ஆண்டுகள் வரலாறு கற்பித்து, தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன் நான். இன்று உங்களோடு அரசின் வரவு செலவுத் திட்டத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். “அது கணக்கர்களின் வேலை, எங்களுக்கு அதில் என்ன சுவை?” என்று கேட்பீர்கள். முதலில் ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், எங்கள் பள்ளி மாணவர் மன்றத்தை ஒரு சிறிய சட்டமன்றம்போல் நடத்தி வந்தோம். ஒரு நாள், நூலகத்திற்குப் புதிய நூல்கள் வாங்க 300 ரூபாய் ஒதுக்குவதென்று ஒரு தீர்மானம் வந்தது. அதன் வாலாக மற்றொரு வரியும் இருந்தது: காலையில் தாமதமாக வரும் மாணவர்கள் அந்நூல்களை இரவல் பெறலாகாது என்பதே அது. நெசவாளர் தெருக்களில் விடியற்காலையில் பாவு நீட்டுவார்கள். இழைகளைப் பிரித்துப் பிடிக்கப் பிள்ளைகளும் துணை நிற்பார்கள். அதனால் சில நாள் பள்ளிக்குத் தாமதமாக வருவார்கள். அத்தகைய வீட்டு மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, நூல்கள் வேண்டும், அதனோடு சேர்ந்து வருவது வேண்டா. நான் கையைத் தூக்குவதா, கீழே வைப்பதா?” என்று கேட்டாள். “பெரும்பான்மை எப்படியோ அப்படி” என்று சொல்லி அவளை அமரச் செய்தேன். தீர்மானம் நிறைவேறியது. அவள் கை இரு பக்கத்திலும் உயரவில்லை.

அவள் கேட்ட வினா சிறியதன்று. உலகத்துப் பாராளுமன்றங்கள் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக விடை தேடிவரும் வினா அது.

பொதுப் பணத்தைச் செலவிடுவோர் மக்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புதிதன்று. காஞ்சிக்கு அண்மையில் உள்ள உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன, அவை கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையில் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை அவை கூறுகின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர் என்பது அவற்றுள் ஒன்று. ஆயினும் அது கணக்கைப் பற்றிய விதியே. பணம் தருவதற்கு முன்பே நிபந்தனை விதிக்கும் உரிமை இங்கிலாந்தின் காமன்ஸ் சபையில் வளர்ந்தது. “முதலில் எங்கள் குறையைத் தீர், பிறகு பணம் தருகிறோம்” என்று அரசனிடம் சொல்லியே அச்சபை வலிமை பெற்றது.

நல்ல கருவியைத் தவறாகப் பயன்படுத்தவும் கூடுமன்றோ? பணச் சட்டங்களைப் பிரபுக்கள் சபை திருத்தலாகாது என்ற மரபு இங்கிலாந்தில் ஏற்பட்டது. உடனே சிலருக்கு ஒரு தந்திரம் தோன்றியது. பிரபுக்கள் ஏற்காத ஒரு சட்டத்தை வரிச் சட்டத்தோடு சேர்த்துத் தைத்துவிட்டால், அவர்கள் முழுவதையும் ஏற்க வேண்டும். அல்லது அரசின் செலவுக்கே பணமில்லாமல் செய்த பழியைச் சுமக்க வேண்டும். இம்முறை பாராளுமன்ற நெறிக்கு மாறானது என்று பிரபுக்கள் சபை 1702இல் தீர்மானம் செய்தது. இருந்தும் 1704இல், பிரான்சோடு போர் நடந்துகொண்டிருந்தபோதே, மாற்றுச் சமயப் பிரிவினரைப் பதவிகளிலிருந்து விலக்கும் ஒரு மசோதாவை நிலவரி மசோதாவோடு இணைக்க ஒரு சாரார் முயன்றனர். காமன்ஸ் சபையே அம்முயற்சியைத் தோற்கடித்தது. போர்முனையில் நிற்கும் வீரனின் சம்பளத்தை வைத்து விளையாடுவதா என்ற உணர்வு கட்சி உணர்வை வென்றது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அவ்வுணர்வு எப்பொழுதும் வெல்லவில்லை. செலவு மசோதாவின்மேல் ஏற்றிவிடப்படும் தொடர்பில்லாத விதிக்கு அங்கே ‘ரைடர்’ என்று பெயர். குதிரைமேல் ஏறி வருபவன் என்பது பொருள். குதிரை வேண்டுமானால் அவனையும் உள்ளே விட வேண்டும்! உள்நாட்டுப் போருக்குப் பின், தென் மாநிலங்களில் மத்திய அரசின் படைகளைப் பயன்படுத்துவது பற்றிக் கட்சிகளிடையே கடும் பகை இருந்தது. அதை இராணுவச் செலவு மசோதாவோடு பிணைத்ததால், 1877 மார்ச்சில் அம்மசோதா நிறைவேறாமலேயே காங்கிரஸ் சபை கலைந்தது. அவ்வாண்டு ஜூலை முதல் நவம்பர் வரை படைவீரர்கள் சம்பளமின்றிப் பணிபுரிந்தனர். 1879இல் டெமாக்ரடிக் கட்சியினர் மீண்டும் அத்தகைய விதிகளை ஏற்றினர். குடியரசுத் தலைவர் ஹேய்ஸ் அவற்றைத் திரும்பத் திரும்பத் தம் மறுப்பாணையால் தள்ளினார். தேர்தல்களுக்கு மத்திய அரசு தரும் காவலை நீக்குவதே அவ்விதிகளின் நோக்கம். விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் அஞ்சாமல் வாக்களிப்பதற்கு அக்காவல் துணையாக இருந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

அப்பழக்கம் மறைந்துவிடவில்லை. எல்லைச் சுவருக்குப் பணம் தருவது பற்றிய பூசலால், 2018 டிசம்பர் முதல் 2019 ஜனவரி வரை 35 நாட்கள் அமெரிக்க அரசின் ஒரு பகுதி மூடிக் கிடந்தது. ஏறத்தாழ எட்டு லட்சம் ஊழியர்கள் உரிய நாளில் சம்பளம் பெறவில்லை. வழக்கிட்டவர்கள் தலைவர்கள், அடுப்பு அணைந்ததோ அலுவலகக் காவலாளியின் வீட்டில்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1923ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் துண்டு விழுந்தது. அதை ஈடுசெய்ய, மணு ஒன்றுக்கு 1 ரூபாய் 4 அணாவாக இருந்த உப்பு வரியை 2 ரூபாய் 8 அணாவாக, அதாவது இருமடங்காக, உயர்த்த வேண்டும் என்று நிதி உறுப்பினர் சர் பாசில் பிளாக்கெட் கேட்டார். மத்திய சட்டசபை மறுத்தது. வைசிராய் ரீடிங் பிரபு தமக்கிருந்த சிறப்பதிகாரத்தால் சான்றளித்து அவ்வரியைச் சட்டமாக்கினார். ஏழையின் கஞ்சியில் விழும் உப்புக்கும் மக்கள் பிரதிநிதிகளின் சொல் செல்லவில்லை.

அவ்வாண்டின் இறுதியில் நடந்த தேர்தலில் சுயராஜ்யக் கட்சியினர் பெருவாரியாகச் சட்டசபைக்குள் நுழைந்தனர். மோதிலால் நேரு தலைவர். ‘சுதேசமித்திரன்’ ஆசிரியர் ஏ. ரங்கசாமி ஐயங்கார் தமிழகத்திலிருந்து சென்றவருள் ஒருவர். பொறுப்பாட்சி குறித்த தங்கள் கோரிக்கைக்கு அரசு இணங்காததால், 1924 மார்ச்சில் அவர்கள் மற்றக் குழுவினரின் துணையோடு மானியக் கோரிக்கைகள் சிலவற்றை மறுத்தனர். நிதி மசோதாவையும் வீழ்த்தினர். வைசிராய் மீண்டும் தம் அதிகாரத்தைப் பயன்படுத்தினார். எனினும் உப்பு வரி பழைய அளவுக்கே திரும்பியது.

இங்கே அறிவுள்ள மாணவன் ஒரு தடை எழுப்புவான். “சுயராஜ்யக் கட்சியினரும் பணத்தை வேறொரு கோரிக்கையோடு பிணைத்தவர்கள்தாமே? அமெரிக்கர் செய்தால் தவறு, நம்மவர் செய்தால் சரியா?” நேர்மையான கேள்வி. அவர்களும் பிணைத்தார்கள் என்பது உண்மையே. ஆனால் அவர்கள் எதையும் மறைத்து நுழைக்கவில்லை. தங்கள் கோரிக்கையைத் தனித் தீர்மானமாகக் கொணர்ந்து வாக்குப் பெற்ற பிறகே பணத்தை மறுத்தனர். மறுத்தும் எவர் சம்பளமும் நிற்கவில்லை. நிறுத்தும் ஆற்றல் அவர்களுக்கு இல்லை. அரசை மாற்றும் வழியே இல்லாதவனுக்குப் பணத்தை மறுப்பது கடைசிக் கருவி. அரசை மாற்றும் வாக்குரிமை கையில் இருக்கும்போது அதே கருவியை எடுப்பவன், ஏன் எடுக்கிறான் என்று நாட்டுக்கு விடை சொல்ல வேண்டும்.

நம் அரசியலமைப்பை இயற்றியோர் இவற்றையெல்லாம் அறிந்தவர்கள். மக்களவையில் மானியக் கோரிக்கை தோற்றால் அமைச்சரவை நிலைக்க முடியாது. ஆகவே அமெரிக்காவில் போல அரசு மூடிக்கிடக்கும் நிலை இங்கு எழுவதில்லை. கொள்கையை எதிர்ப்பவர் கோரிக்கைத் தொகையை ஒரு ரூபாயாகக் குறைக்கவும், ஒரு குறையைச் சுட்ட விரும்புவோர் நூறு ரூபாய் குறைக்கவும் வெட்டுத் தீர்மானம் கொணரலாம். பண மசோதாவை மாநிலங்களவை பதினான்கு நாட்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அது கூறும் திருத்தங்களை மக்களவை ஏற்கலாம், தள்ளலாம். இவ்வளவு வலிமையுள்ள கதவுக்குப் பூட்டு வேண்டாவா? 110ஆம் பிரிவில் ஒரு சிறு சொல்லே அப்பூட்டு. வரி, கடன், அரசு நிதி முதலிய பொருள்களையும் அவற்றைச் சார்ந்தவற்றையும் ‘மட்டுமே’ கொண்டது பண மசோதா. ஐயம் எழுந்தால் மக்களவைத் தலைவரின் முடிவே இறுதி என்றும் அப்பிரிவு கூறுகிறது.

அச்சொல்லைப் பற்றிய வழக்கு நம் காலத்திலும் எழுந்தது. 2016இல் ஆதார் சட்டம் பண மசோதாவாகக் கொண்டுவரப்பட்டது. மாநிலங்களவை கூறிய ஐந்து திருத்தங்களை மக்களவை ஏற்கவில்லை. அரசு நிதியிலிருந்து உதவி பெறுவோருக்கான சட்டம் ஆகையால் அது பண மசோதாவே என்றனர் ஆளும் தரப்பினர். மேலவையைக் கடந்து செல்லவே அவ்வழி என்றனர் எதிர்த் தரப்பினர். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை அவ்வழியை ஏற்றது. நீதிபதி சந்திரசூட் மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். தீர்ப்பாயங்களின் அமைப்பை மாற்றிய 2017ஆம் ஆண்டு நிதிச் சட்டம் பற்றிய வழக்கில், பண மசோதா எது என்ற வினாவை 2019 நவம்பரில் அந்நீதிமன்றம் பெரிய அமர்வின் ஆய்வுக்கு அனுப்பியது.

அப்படியானால் பணத்தோடு கொள்கையைச் சேர்ப்பதே குற்றமா? அன்று. எங்கள் ஊர்ப் பட்டுச் சேலையைப் பாருங்கள். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். மூன்று நாடாக்களைக் கொண்டு இரண்டையும் இழையோடு இழை பின்னி நெய்வதற்குக் கோர்வை என்று பெயர். இழுத்தாலும் அது பிரியாது. 1953இல் மில் துணிமீது ஒரு சிறு தீர்வை விதித்து, அப்பணத்தைக் கதருக்கும் கைத்தறிக்கும் வழங்க ஒரு சட்டம் வந்தது. அங்கே வரியும் நோக்கமும் ஒன்றுக்கொன்று உறவுடையவை, அது கோர்வை. நிலவரியோடு சமயத் தடையைச் சேர்ப்பது ஒட்டுத் துணி. இரண்டையும் வேறுபடுத்தி அறிவதற்குச் சட்டப் படிப்பு வேண்டா. “இதைத் தனியே வைத்தால் நிறைவேறுமா? நிறைவேறாது என்று அஞ்சியா இதனோடு சேர்த்தார்கள்?” என்று கேட்டால் போதும்.

அன்று இரவு அம்மாணவியின் வினா என்னை உறங்கவிடவில்லை. நடுவராக அமர்ந்திருந்தவன் நான். பெரும்பான்மையை எண்ணினேனே தவிர, வினாவைப் பிரித்து வைக்கவில்லை. அடுத்த வாரம் மன்றத்தில் என் தவற்றைச் சொல்லி, அத்தீர்மானத்தை இரண்டாக்கி வைத்தேன். நூல்களுக்குப் பணம் ஒருமனதாகக் கிடைத்தது. தாமதமாக வருவோருக்கான தடைக்கு நான்கைந்து கைகளே உயர்ந்தன. முதல் தீர்மானத்திற்கு முந்தி உயர்ந்த கை அவளுடையது. இரண்டாவதற்கு அவள் இரு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அமைதியாக அமர்ந்திருந்தாள்.

நாளை உங்களுள் சிலர் ஊராட்சியிலும் சட்டமன்றத்திலும் பாராளுமன்றத்திலும் அமர்வீர்கள். ஒரு மசோதா உங்கள் முன் வரும்போது அதன் தலைப்பை மட்டும் படித்துவிட்டுக் கையை உயர்த்தாதீர்கள். கடைசி வரிவரை படியுங்கள்.